தூரமும் இடப்பெயர்ச்சியும்

நாட்டுப்புறத்து வழியே நடந்து செல்வான் ஒருவன், வரப்பின்மேல் நிற்கும் உழவனை நோக்கி, “அண்ணே, அடுத்த ஊரு எம்புட்டுத் தூரம்?” என வினவுவானாயின், “இந்தா, கூப்புடு தூரந்தான் தம்பி” என்னும் விடை கிடைப்பது புதுக்கோட்டைச் சீமையில் பெருவழக்கு. அவ்விடையை நம்பி நடப்பவன் கண்மாய்க் கரையைச் சுற்றி, ஓடையைக் கடந்து, முள்வேலி கண்டு திரும்பி, கால் கடுத்த பின்னரே அவ்வூரை அடைவான். உழவன் பொய் கூறினான் என அவன் வெகுளுதல் கூடும். ஆயினும் உழவன் கூறியது பொய்யன்று. கூப்பிடும் குரல் கண்மாயைச் சுற்றிக்கொண்டு செல்வதில்லை. நீர்ப்பரப்பின் மேலே நேராகச் சென்று மறுகரையை அடைகின்றது. குரல் சென்ற வழி வேறு. கால் சென்ற வழி வேறு. உழவன் முன்னதைச் சொன்னான். வழிப்போக்கன் பின்னதைக் கேட்டான். இவ்விரண்டையும் பிரித்துணர்த்துவதே பௌதிக நூலின் முதற் பாடங்களுள் ஒன்றாகும். முன்னதற்கு இடப்பெயர்ச்சி என்றும், பின்னதற்குத் தூரம் என்றும் அந்நூலார் பெயரிட்டிருக்கின்றனர்.

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பௌதிகத்தில் என்ன அலுவல் என நம் நண்பர் சிலர் நகைத்தல் கூடும். பொருள் பௌதிகத்தினதாயினும் சொற்கள் தமிழின்கண் உள்ளவை. சொல்லின் எல்லையை அறிதல் தமிழ் பயில்வார் கடனே. அன்றியும், இவ்விரு சொற்களையும் மயங்கக் கொள்வதால் விளையும் இடர் தேர்வுத்தாளில் மதிப்பெண் குறைவதோடு நிற்பதில்லை. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

முதற்கண் இலக்கணம் கூறுவாம். ஒரு பொருள் இயங்கிய வழியின் முழு நீளமும் தூரம் எனப்படும். வழி வளைந்ததாயினும், மடங்கியதாயினும், சென்ற வழியே மீண்டதாயினும், ஒவ்வோரடியும் கணக்கிற் சேரும். சேர்ந்தது பின்னர்க் குறைவதில்லை. இடப்பெயர்ச்சியோ, தொடங்கிய இடத்தினின்று முடிந்த இடத்திற்கு வரையப்படும் நேர்கோடு. அதற்கு நீளமும் உண்டு, திசையும் உண்டு. இடையில் நிகழ்ந்தவற்றை அது வினவுவதில்லை.

திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது 1929-ஆம் ஆண்டில். அப்பாதையின் நீளம் ஏறக்குறைய 53 கிலோமீட்டர். நிலப்படத்தில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே அளவுகோலை வைத்து அளப்போமாயின் ஏறக்குறைய 47 கிலோமீட்டரே வரும். புகைவண்டிச் சீட்டின் கட்டணம் முன்னதைக் கொண்டு வகுக்கப்படுகின்றது. வானிற் பறக்கும் பருந்திற்குப் பின்னதே போதும். திருச்சியினின்று புதுக்கோட்டைக்கு வந்தவனுடைய இடப்பெயர்ச்சியைக் கூறுமிடத்து, 47 கிலோமீட்டர் என்று மட்டும் கூறி நிறுத்துதல் குறையாகும். தெற்கும் சற்றுக் கிழக்குமான திசையில் என்று சேர்த்துக் கூறுதல் வேண்டும். மாலையில் அவன் திருச்சிக்கு மீள்வானாயின், அன்று அவன் கடந்த தூரம் 106 கிலோமீட்டர். அவனது இடப்பெயர்ச்சி சுழி. தெற்கு நோக்கிய 47-ஐ வடக்கு நோக்கிய 47 அழித்துவிட்டது. திசையுடைய அளவுகளின் இயல்பு இது. தூரத்திற்குத் திசையின்மையால் அதனை அழிப்பதற்கு ஒன்றுமில்லை.

‘இடப்பெயர்ச்சி’ என்னும் சொல்லை ஆக்கியோர் எவராயினும் அவர் செவ்விதின் ஆக்கினார் என்றே கூறவேண்டும். பெயர்தல் என்பது ஓரிடம் விட்டு நீங்குதல். பஞ்சாங்கம் காணும் இல்லங்களில் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்னும் சொற்கள் சிறுவர்க்கும் தெரிந்தவை. கோள் எந்த இராசியினின்று எந்த இராசிக்குச் சென்றது என்பதையே அச்சொற்கள் உணர்த்துகின்றன; வானிற் கோள் சென்ற வழியின் நீளத்தை எவரும் கேட்பதில்லை. சோதிடத்தின் மெய்ம்மை பொய்ம்மை ஈண்டு நம் ஆராய்ச்சிக்குரியதன்று; சொல்லின் பொருள் மட்டுமே நமக்கு வேண்டுவது. புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் என்னும் இரண்டனையே நோக்குவது ‘பெயர்ச்சி’ என்பதை நம் மக்கள் முன்னரே அறிந்திருந்தனர்.

இப்பாடத்தைக் கற்பிப்பதற்குப் புதுக்கோட்டை நகரினும் சிறந்த கரும்பலகை கிடைப்பது அரிது. 1812-ஆம் ஆண்டில் நேர்ந்த தீயினால் பழைய நகர் அழிந்தது. அப்பொழுது அரசாண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான். தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் என்பாருடைய ஆலோசனையின்படி, அகன்ற நேரான வீதிகள் ஒன்றையொன்று செங்கோணமாக வெட்டும் வண்ணம் நகர் மீண்டும் அமைக்கப்பெற்றது. அரண்மனையை நடுவாகக்கொண்டு கீழ, மேல, வடக்கு, தெற்கு ராஜ வீதிகள். அவற்றின் புறத்தே இரண்டாம் வீதிகள், மூன்றாம் வீதிகள், நான்காம் வீதிகள் எனச் சதுரத்தினுள் சதுரமாக அவை அமைந்துள்ளன. புதிதாக வருவோன் ஒருவன் பெயர்ப்பலகையை நோக்கியே தான் நிற்குமிடத்தை உணர்ந்துகொள்ளலாம். ‘வடக்கு மூன்றாம் வீதி’ என்னும் பெயரில் திசையும் உண்டு, எண்ணும் உண்டு. நகரமைத்தோர் கணித வகுப்பிற்கென அமைத்தனரல்லர். ஆயினும் அமைப்பு அவ்வாறு வாய்த்துவிட்டது.

இத்தகைய வீதிகளில் ஒருவன் கிழக்கே 400 மீட்டர் நடந்து, பின்னர் வடக்கே திரும்பி 300 மீட்டர் நடக்கின்றான் என்று கொள்வோம். அவன் கடந்த தூரம் 700 மீட்டர். அவனது இடப்பெயர்ச்சியோ, செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகிய 500 மீட்டர். திசை, கிழக்கிற்கும் வடக்கிற்கும் இடைப்பட்டது. முதலில் வடக்கே 300, பின்னர்க் கிழக்கே 400 என மாற்றி நடந்தாலும் இரண்டளவுகளும் மாறா. நடுவிலுள்ள குறுக்கு வீதிகளிற் புகுந்து, கிழக்கே நூறு, வடக்கே நூறு, மீண்டும் கிழக்கே நூறு எனப் படிக்கட்டுப்போல் நடந்தால் தூரம் குறையுமோ எனச் சிலர் கருதுவர். நூறு மீட்டருக்கு ஒரு வீதி இருப்பினும், பத்து மீட்டருக்கு ஒரு சந்து இருப்பினும், அடிக்கொரு திருப்பம் இருப்பினும், கிழக்கே நடந்தவை யாவும் கூடி 400. வடக்கே நடந்தவை யாவும் கூடி 300. ஆகத் தூரம் 700-ஏ. படிகளை மிகச் சிறியனவாக்கி மேலிருந்து நோக்கினால் அவ்வழி நேர்கோடுபோலவே கண்ணுக்குத் தோன்றும். கண் 500 என்று கூறும். கால் 700 என்று கூறும். கண்ணை நம்பி இவ்விடத்திற் பிழைபடாதார் சிலரே. வீட்டுச் சுவர்களை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் மக்களுக்கு இன்மையின், இந்நகரில் மூலைக்கு மூலை செல்வோர் எவரும் தம் இடப்பெயர்ச்சியை நடந்து பார்க்க இயலாது. அதனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

வட்ட வழியினையும் ஒருவாறு காண்போம். 70 மீட்டர் ஆரமுடைய வட்டமான குளத்தின் கரையில் அரைச் சுற்று நடப்பவன் 220 மீட்டர் நடக்கின்றான். இடப்பெயர்ச்சி, குளத்தின் குறுக்களவாகிய 140 மீட்டர். இன்னும் அரைச் சுற்று நடந்து முதற் படித்துறைக்கே மீள்வானாயின் தூரம் 440, இடப்பெயர்ச்சி சுழி. நடக்க நடக்க இடப்பெயர்ச்சி வளர்ந்து, பின்னர்த் தேய்ந்து, மறைந்தது. தூரம் ஒருகாலும் தேயாது. தூரம் இடப்பெயர்ச்சியின் நீளத்தினும் குறைதலும் இல்லை; திரும்பாது நேரே செல்லும்பொழுது மட்டும் இரண்டும் சமமாகும்.

அங்ஙனமாயின், உடம்பு வருந்தி நடந்ததை மதியாத இவ்வளவையைப் பௌதிகம் ஏன் போற்றுகின்றது எனின், இயற்கையின் விசைகளுட் சில அங்ஙனமே கணக்கிடுகின்றன என்க. குடுமியான்மலைக் குன்றின்மேல் ஒருவன் செங்குத்தாக ஏறினும் சரிவாகச் சுற்றி ஏறினும், புவியீர்ப்பு விசை கேட்பது, ‘எவ்வளவு உயரம் ஏறினாய்?’ என்பது ஒன்றையே. வழி எதுவாயினும் அவ்விசைக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை ஒன்றே. இறங்கி அடிவாரத்திற்கு மீண்டபொழுது அவ்வேலையின் மொத்தம் சுழி. உராய்வு விசையோ வேறு இயல்பினது. அது வழியின் ஒவ்வோரடிக்கும் வரி தண்டுவது, மீளும்பொழுதும் தண்டும். பாறையின்மேல் இழுத்துச் செல்லப்படும் கல் சுற்றுவழியிற் சென்றால் மிகுதியாகத் தேய்கின்றது. ஆகவே ஈர்ப்பிற்கு இடப்பெயர்ச்சியும், உராய்விற்குத் தூரமும் உரியனவாதலின், பௌதிகத்திற்கு இரண்டும் வேண்டப்படுகின்றன.

இரு சொற்களையும் மயக்குவதால் விளையும் இடரைப் பின்னர்க் காட்டுவோம் என்றோமன்றோ? அது குடிநீர்க் குடத்தில் இருக்கின்றது. கோடைக்காலத்து இம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்டிர் ஊருணிக்கும் கிணற்றிற்கும் நடந்த நடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கிணறு ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாளொன்றுக்கு நான்கு முறை சென்று மீளல் வேண்டும் எனக் கொண்டால், அவள் நடந்தது 12 கிலோமீட்டர். இவற்றுட் பாதி, இடுப்பில் நிறைகுடத்தோடு நடந்தது. அந்தியில் அவள் நிற்குமிடம் காலையிற் புறப்பட்ட அதே வாயிற்படி. இடப்பெயர்ச்சி சுழி. சமநிலத்தில் நடந்தாளாதலின், புவியீர்ப்பிற்கு எதிராக அவள் செய்த வேலையும் சுழி என்றே பாடநூல் கூறும். அவள் கணவனோ, அதே நாளில் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சந்தைக்குப் பேருந்தில் அமர்ந்து சென்று அங்கேயே தங்கிவிட்டானாயின், அவனது இடப்பெயர்ச்சி முப்பது கிலோமீட்டர். ‘வீட்டில் இருந்தவள்’ என்று அவளையும், ‘வெளியூர் சென்றவன்’ என்று அவனையும் ஊரார் கூறுவர். ஊரார் வாயில் வழங்கும் கணக்கு இடப்பெயர்ச்சிக் கணக்கு. அவளுடைய தசைநார்கள் செலவிட்ட ஆற்றலோ தூரத்தோடு பெருகியது. பாடநூல் கூறுவது தவறன்று. அது குடத்தின்மீது செய்யப்பட்ட வேலையைக் கூறுகின்றதேயன்றிக் குடம் சுமந்தவளின் உடலுக்குள் நிகழ்ந்ததைக் கூறவில்லை. இதனை ஆசிரியர்கள் வகுப்பில் ஒருமுறையேனும் எடுத்துரைத்தல் நன்று என்பது எம் கருத்து.

இவ்விடத்தில் இம்மாவட்டத்தின் வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1991-ஆம் ஆண்டில் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்பொழுது மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவிப்பதோடு, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தலையும் அவ்வியக்கம் மேற்கொண்டது. வயலில் உழைப்போரும், கல்குவாரியில் உழைப்போரும், ஆசிரியைகளும், மகப்பேறு மருத்துவத் தாதியரும் ஆயிரக்கணக்கிற் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இச்செய்தியை உலகறிய எழுதினார். பெண்கள் பலர், ஆடவர்க்கென அமைந்த குறுக்குக் கம்பியுடைய வண்டிகளையே விரும்பினர் என்றும், அக்கம்பியின்மேல் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அதற்குக் காரணம் என்றும் அவர் குறித்துள்ளார். பின்னால் குடம், முன்னால் குழந்தை.

இனிக் கணக்கிற்கு வருவோம். மேற்கூறிய 12 கிலோமீட்டரை மணிக்கு 4 கிலோமீட்டராக நடந்தால் மூன்று மணி நேரம் ஆகும். மணிக்கு 12 கிலோமீட்டராக மிதிவண்டியிற் சென்றால் ஒரு மணி நேரம். மிதிவண்டி வந்ததால் தூரம் குறைந்ததா? இல்லை, கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. இடப்பெயர்ச்சி மாறியதா? முன்னும் சுழி, பின்னும் சுழி. தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வருவது சராசரி வேகம். இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் வருவது சராசரித் திசைவேகம். பின்னதைக் கொண்டு அளப்பவனுக்கு, நடந்த காலத்திலும் சுழியே விடை. மிதிவண்டிக் காலத்திலும் சுழியே விடை. இம்மாவட்டத்துப் பெண்கள் வாழ்வில் எம்மாறுதலும் நேர்ந்ததில்லை என அவன் எழுதி வைப்பான். முன்னதைக் கொண்டு அளப்பவனுக்கோ வேகம் மும்மடங்காயிற்று. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அவள் கைக்கு மீண்டது. அவ்விரண்டு மணி நேரத்தில் அறிவொளி வகுப்பிற்குச் செல்லலாம். ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு அளவைகளும் பிழையற்றவை. அவற்றுள் ஒன்று அவளைக் காணவில்லை.

மற்று, இடப்பெயர்ச்சியே மேலோங்கி நிற்கும் இடமும் இம்மாவட்டத்தில் உண்டு. அது கடல். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருந்து புறப்படும் விசைப்படகுகள் இழுவைமடியை இறக்கியபின் ஒரே பரப்பிற் போவதும் வருவதுமாக இரவெல்லாம் இயங்கும். டீசல் செலவாவது தூரத்திற்கு ஏற்ப; படகுக்காரரின் கணக்குப் புத்தகத்தில் தூரமே பேசும். ஆயின் சட்டம் வினவுவது வேறு. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையினின்று 3 கடல்மைல் அளவுவரை உள்ள நீரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லைக்கோடு வரைந்தது. கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இரவு முழுதும் எண்பது கிலோமீட்டர் ஓடிய படகு இக்கோட்டினுள்ளேயே இருத்தல் கூடும். கரையினின்று நேராகச் சென்ற படகு அதனினும் மிகக் குறைந்த தூரத்தில் கோட்டைக் கடந்துவிடுதலும் கூடும். ‘நான் அவ்வளவு தூரம் ஓடவில்லையே’ என்னும் மறுமொழி அங்குச் செல்லாது. எங்கு நிற்கின்றாய் என்பதே வினா. எத்திசையில் எத்துணைத் தொலைவு பெயர்ந்தோம் என்பதை அறிவிக்கும் செயற்கைக்கோள் கருவி படகில் உண்டு. நீரோட்டமும் காற்றும் இயந்திரம் நின்ற படகையும் தள்ளும், துயின்றுகொண்டிருப்பவனும் இடம்பெயர்ந்துவிடுவான். சிறையும் படகிழப்பும் அக்கோட்டின் இருபுறத்தையும் பற்றியே தீர்மானிக்கப்படுவதால், அங்கு இடப்பெயர்ச்சியின் இலக்கணம் உயிரோடு ஒட்டியது.

பௌதிகத்தில் ‘இடப்பெயர்ச்சி’ என்று வழங்கும் சொல்லுக்கு உடன்பிறப்பாகிய ‘இடப்பெயர்வு’ என்பதைக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழர் வேறு பொருளில் வழங்குகின்றனர். போருக்கு அஞ்சி ஊரைவிட்டு நீங்குதலை அவர் அச்சொல்லாற் குறிப்பர். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அங்ஙனம் பெயர்ந்து வந்தோருட் பலர் இம்மாவட்டத்தில் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களில் குடியமர்த்தப்பெற்றனர். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இம்முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது.

இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டரே உண்டு. பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற 1914-ஆம் ஆண்டு முதல் இவ்விரு துறைகளுக்கும் இடையே நீராவிக் கப்பல் சென்றுவந்தது. கப்பலை எதிர்கொள்ளச் சென்றமையால் போட் மெயில் எனப் பெயர்பெற்ற புகைவண்டி இன்றும் புதுக்கோட்டை வழியாகச் செல்கின்றது. பெயர் நின்றது, கப்பல் நின்றிலது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற்போக்குவரத்தும் 1980-களில் போர் மூண்டபின் ஒழிந்தது. இக்காலத்து ஒருவன் தனுஷ்கோடியினின்று தலைமன்னார் செல்ல விழைவானாயின், திருச்சிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் மீண்டு, அங்கிருந்து வானூர்தியில் 400 கிலோமீட்டருக்கு மேல் பறந்து கொழும்பு சேர்ந்து, பின்னர் இருப்புப்பாதையில் வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லுதல் ஒரு வழி. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பலை நாடினும், முதலில் நாகைவரை வடக்கே ஏறி, பின்னர் யாழ்ப்பாணத்தினின்று தெற்கே இறங்குதல் வேண்டும். எவ்வழியிற் செல்லினும் அவனுடைய இடப்பெயர்ச்சி ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கிழக்கு நோக்கி.